பூனையும் பூந்தொட்டியும்

விவேக் நகரில் நான் குடியிருக்கும் அறை ஒரு வீட்டின் மாடியில் உள்ளது. கீழ்வீட்டு அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலைத்தவர். அவர் வளர்த்த சாம்பல் நிறப் பூனைக்கு முத்து என்று பெயர். சென்ற ஆண்டு என் பிறந்த நாளுக்குத் தோழர்கள் தந்த பூங்கொத்தில் லில்லி மலர்கள் மூன்று இருந்தன. அவற்றை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடிக் குவளையில் இட்டு மேசைமேல் வைத்தார். மறுநாள் முத்துவின் மூக்கில் செம்பழுப்பு மகரந்தம் ஒட்டியிருக்கக் கண்டு நாங்கள் சிரித்தோம். அன்று மாலை அது வாந்தி எடுத்தது. அடுத்த நாள் தெளிந்துவிட்டதுபோல் தோன்றியது. மூன்றாம் நாள் தலை தூக்கவில்லை. சிறுநீரகங்கள் செயலற்றுப் போயின என்றார் மருத்துவர். முத்து பிழைக்கவில்லை.

“பூவிலே என்னப்பா விஷம்?” என்று அம்மா என்னைக் கேட்டார். முதுகலை வகுப்பில் வேதியியல் பயிலும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிக் கற்றதையே நண்பர்களுக்கு ஈண்டு எழுதுகிறேன்.

பெங்களூரில் செடி வாங்காதவர் அரியர். ஹைதர் அலி 1760-ஆம் ஆண்டில் தொடங்கிய லால்பாக்கில், குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க்காட்சி நடைபெறுகிறது. பார்க்கச் செல்வோர் பலர் ஒரு தொட்டியோடு திரும்புகின்றனர். அழகைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம், செடியின் பெயரையும் குடும்பத்தையும் கேட்கிறோமா? மணம் பேசும்போது குலம் கோத்திரம் கேட்பதை விட்டொழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். செடி வாங்கும்போது மட்டும் அதனைக் கேட்டே ஆகவேண்டும்!

ஏனெனில் கடைப் பெயர் ஏமாற்றும். லில்லியம் இனத்து மலர் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். இலை, இதழ், மகரந்தம், குவளைத் தண்ணீர் ஆகிய யாவும் அதற்கு நஞ்சு. பூனை தன் உடலை நக்கும் இயல்புடையது. ஆகவே மயிரில் ஒட்டிய மகரந்தமே போதும். ‘பீஸ் லில்லி’ என விற்கப்படும் தொட்டிச் செடியோ லில்லியே அன்று; அது சேம்பின் உறவு. அதனால் வாய் எரியும், சிறுநீரகம் கெடாது.

சேம்புக் குடும்பத்தை நாம் நன்கு அறிவோம். சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, ஏன்? அதனுள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, நுண்ணிய ஊசிகளாகப் படிந்துள்ளது. அதனாலன்றோ நம் தாய்மார் புளி சேர்த்து வேகவைக்கின்றனர்! மணி பிளாண்ட், பிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா, டீஃபன்பேக்கியா ஆகியவை அக்குடும்பத்தினவே. நாயோ பூனையோ கடித்தால் நாவில் ஊசிகள் தைக்கும், எச்சில் ஒழுகும், வாய் வீங்கும். உயிருக்குப் பெரும்பாலும் கேடில்லை. எனினும் துன்பம் மிகுதி.

பனை என்னும் பெயரும் இத்தகையதே. ‘அரிகா பாம்’ தீங்கற்றது. ‘சாகோ பாம்’ பனையே அன்று, அது சைக்கஸ். அதிலுள்ள சைக்கசின் கல்லீரலை அழிக்கும். விதையில் நஞ்சு மிகுதி. ஒன்றிரண்டு விதைகளே நாயைக் கொல்லக்கூடும்.

அரளியை நாம் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் கண்டு பழகியவர்கள். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சுடையவை. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது இதனாற்றான். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளும் கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சைத் தாங்கியது. கிழங்கில் அது மிகுதி. மருந்தென நாம் போற்றும் சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் பாலும் நாய் பூனைகளுக்கு வாந்தியும் பேதியும் உண்டாக்கும்.

அப்படியாயின் எதைத்தான் வளர்ப்பது? ரோஜா, மல்லிகை, திருநீற்றுப்பச்சிலை, அரிகா பாம், ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் பெரணி, கலாத்தியா, பெப்பரோமியா ஆகியவை நஞ்சற்றவை. இவற்றிலும் பூச்சிமருந்து தெளித்திருந்தால் கேடு உண்டு; நிறையத் தின்றால் வாந்தி வரலாம். கோதுமையை ஒரு தட்டில் முளைக்கவிட்டு வைத்தால், புல் மெல்லும் ஆசை அதில் தீரும். நஞ்சுச் செடியை உயரத்தில் வைத்தால் போதாதா எனில், பூனைக்கு உயரம் ஏது?

கடையில் செடியின் தாவரவியற் பெயரைக் கேளுங்கள். லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்ற அந்த இருசொற் பெயர் உலகெங்கும் ஒன்றே. கடைக்காரர் அறியாராயின், படம் எடுத்து வந்து தாவரவியல் பயிலும் தோழரிடம் காட்டுங்கள். பெயர் தெரியாத செடியை வீட்டுக்குள் கொணராதிருப்பதே நன்று.

விலங்கு செடியைக் கடித்துவிட்டால் என் செய்வது? உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; அது வேறொரு நஞ்சாகும். வாயையும் மயிரையும் நீரால் துடைத்து, செடியின் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எப்பால் லால்பாக் போன்றதொரு பெருமை நம் ஊருக்கு உண்டோ, அப்பாலே ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. லில்லியைத் தின்ற பூனைக்கு 18 மணி நேரத்திற்குள் நரம்புவழி நீர்மம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. இடையில் தெளிந்ததுபோல் தோன்றினும் நம்பாதீர்கள். அந்தத் தோற்றத்தை நம்பியே நாங்கள் ஒரு நாளை இழந்தோம்.

இப்போது கீழ்வீட்டுத் திண்ணையில் திருநீற்றுப்பச்சிலையும் பெரணியும் தழைக்கின்றன. சென்ற மாதம் தெருவிலிருந்து ஒரு குட்டிப் பூனை வந்து சேர்ந்தது. பூங்கொத்து யார் தந்தாலும், “இதன் பேர் என்னப்பா?” என்று அம்மா முதலில் என்னைக் கேட்கிறார். இப்போது நான் விடை சொல்லிவிடுகிறேன்.