வசம்பு: பிள்ளையின் வாய்க்கா, விதைப் பானைக்கா?

இரவு வேளையில் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று எமது பாட்டிமார் விலக்கி வைத்த மருந்து ஒன்று உண்டு. "பேர் சொல்லா மருந்து" என்பார்கள், "பிள்ளை வளர்ப்பான்" என்பார்கள். கடைக்காரரும் அந்தப் பெயர்களைக் கேட்டால் உடனே எடுத்துத் தருவார். அதுதான் வசம்பு. ஆயுர்வேத வைத்தியர் இதனை வசா என்பர், சிங்கள அயலவர் வதகஹ என்பர். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்கும்போது, கையில் வசம்பு மணி கட்டாத வீடு எமது பக்கத்தில் குறைவு.

இம்முறை பாடத்திற்கு வசம்பை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறைக்கு எம்மை அழைத்தார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, பல இடம் மாறி, கடைசியில் அந்த அறைக்கு வந்து சேர்ந்த குடும்பம். நாற்பது நாள் பிள்ளை. "சுவாமி, பிள்ளை விடியப்புறம் துவங்கி ஓயாமல் சத்தி எடுக்குது. பாலும் குடிக்குதில்லை" என்றார் அம்மம்மா. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டோம். வயிறு ஊதி அழுததால் வசம்பு உரைத்துக் கொடுத்ததாகச் சொன்னார். நாமும் வசம்பு குடித்து வளர்ந்தவர்கள்தானே. அதனால் ஒன்றும் வராது, வேறு ஏதோ என்று சொல்லிவிட்டோம். அந்த வார்த்தையால் ஒரு மணித்தியாலம் வீணானது. பிள்ளை சோர்ந்து கண் சொருகத் தொடங்கிய பின்புதான் முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். பிள்ளை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

பிறகு ஆறுதலாக இருந்து அம்மம்மாவிடம் விசாரித்தபோது ஒரு விடயம் விளங்கியது. ஊரில் அவர் வசம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து, விளக்கில் பிடித்து, முழுதும் கரியாகும் வரை சுடுவார். அந்தக் கரியைத் தாய்ப்பாலில் ஒரு உரை உரைத்து, நாக்கின் நுனியில் தொட்டு வைப்பார். கொழும்பு அறையில் விளக்கும் இல்லை, விறகடுப்பும் இல்லை. காஸ் அடுப்பில் காட்டியபோது வெளிப்புறம் கருகியது, உள்ளே பச்சையாகவே இருந்தது. உரைகல்லும் ஊரோடு போய்விட்டது. அதனால் இடித்து, தேக்கரண்டியால் கொடுத்தார். மருந்தின் பெயர் அதேதான், ஆனால் கொடுத்த பொருளும் அளவும் வேறு.

இப்போது வசம்பைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். நாம் வேர் என்று சொல்வது உண்மையில் வேரல்ல. இஞ்சி, மஞ்சளைப் போல மண்ணுக்குள் கிடையாகப் படரும் தண்டு அது. சேற்று நிலத்திலும் நீரோட்டத்தின் ஓரத்திலும் வளரும். இலை வாள் போல நீண்டிருக்கும். கசக்கினால் வாசம் எழும்பும். அந்த வாசத்தைத் தருவது அதிலுள்ள எண்ணெய். அந்த எண்ணெயில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. வட அமெரிக்காவில் வளரும் வசம்பில் இப்பொருள் இல்லை. ஐரோப்பாவில் வளர்வதில் குறைவு. எமது நாடுகளில் வளரும் வசம்பிலோ எண்ணெயின் பெரும் பங்கு அதுவாகவே இருக்கக்கூடும். "அங்கே வெள்ளைக்காரரும் வசம்புத் தேநீர் குடிக்கிறார்கள்" என்று வாதாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் குடிப்பது வேறு குணமுள்ள வசம்பு.

1967இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவின் ஜம்முப் பகுதி வசம்பு எண்ணெயை நீண்ட காலம் உணவில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் குடலில் கட்டிகள் தோன்றின. அதையடுத்து 1968இல் அமெரிக்கா வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. எலிக்கு வந்தது மனிதனுக்கும் வந்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. ஒருநாள் நாக்கில் தொட்டு வைத்ததற்காக எந்தத் தாயும் பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் வாந்தி வேறு விடயம். வசம்பைத் தின்று நஞ்சேறியவர்களை சுவீடன் நாட்டில் ஆராய்ந்தபோது, மணிக்கணக்காக நிற்காத வாந்தியே முதன்மையான அறிகுறியாக இருந்தது. வளர்ந்தவர் உடம்பு அதைத் தாங்கும். நாலு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அவ்வளவு வாந்தி எடுத்தால் உடம்பில் நீர் நில்லாது.

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி என்று எண்ண வேண்டாம். பாவப்பிரகாசம் என்ற பழைய ஆயுர்வேத நூலே வசம்பை வாந்தி உண்டாக்கும் பொருள் என்று வகுத்திருக்கிறது. சளி, வயிற்றூதல், திக்குவாய், நினைவுக் குறைவு ஆகியவற்றுக்கு வசம்பைக் கொடுக்கும் ஆயுர்வேதம், அதனை முதலில் சுத்தி செய்யச் சொல்கிறது. கோமூத்திரத்திலும் மூலிகைக் குடிநீர்களிலும் அவித்த பின்பே மருந்தில் சேர்ப்பார்கள். எமது பாட்டிமார் கரியாகச் சுட்டதும் அந்தச் சுத்தியின் வீட்டு வழிதான். நன்றாகச் சுட்டால் எண்ணெயின் பெரும் பகுதி புகையோடு போய்விடும். அவர்கள் காரணம் சொல்லவில்லை, ஆனால் கைப்பக்குவம் தெரிந்திருந்தது. புறக்கோட்டை கபோஸ் லேனிலோ வெள்ளவத்தை நாட்டு மருந்துக் கடையிலோ பையில் அடைத்து விற்கும் தூளுக்கு அந்தப் பக்குவம் உண்டா என்று பையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீரும் வேண்டாம், வசம்பும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லிவருவதும், குடும்பநல மாது வீட்டுக்கு வந்து சொல்வதும் இதையே. அதன் பின்பும் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் அன்றி வாயால் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதனை விலக்க வேண்டும். கையில் கட்டும் வசம்பு மணி பிள்ளையின் வாய்க்குப் போகும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. நூல் அறுந்தால் தொண்டையிலும் அடைக்கும். சம்பிரதாயத்தை விட மனமில்லாவிட்டால் தொட்டிலுக்கு மேலே, எட்டாத உயரத்தில் கட்டலாம்.

பின்னே வயிறு ஊதி அழும் பிள்ளைக்கு என்ன செய்வது? பால் குடித்தவுடன் தோளில் சாய்த்து, ஏவறை வரும் வரை முதுகைத் தடவ வேண்டும். வெதுவெதுப்பான கையால் வயிற்றை வலஞ்சுழியாகத் தடவிவிடலாம். இரு கால்களையும் மெல்ல மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கலாம். பச்சை நிறமாகச் சத்தி எடுத்தாலோ, வயிறு கல்லுப் போல இறுகினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். கொழும்பில் பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, கட்டணம் இல்லை. வாகன வசதி இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். அந்த இலக்கத்தை எம்மவர் மறக்கப் போவதில்லை.

அப்படியானால் வசம்பை எறிந்துவிடுவதா? இல்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. அந்த வேலையில் அதற்கு ஈடான சரக்கு குறைவு.

கொழும்பில் ஓர் அறையும் ஊரில் கொஞ்சக் காணியுமாக இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கும் குடும்பங்கள் எமக்குள் பல. வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விடுபட்டன. சில இன்னும் விடுபடவில்லை. காணி கிடைத்த அன்று முதலில் தேடுவது விதையை. இரண்டு கொத்துப் பயறு, ஒரு கொத்து உழுந்து, கொஞ்சம் கௌப்பி என்று தகரப் பேணியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் மூன்றாம் மாதம் திறந்து பார்த்தால் ஒவ்வொரு விதையிலும் ஒரு வட்டத் துளை, அடியில் மா. பயற்று வண்டு வேலையை முடித்திருக்கும். அது வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, விதையோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிறது. புழு விதைக்குள் இருந்தே தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வந்த வண்டு திரும்பவும் முட்டையிடும். ஒரு பெண் வண்டு போதும், பேணி முழுதும் பாழாகும்.

வசம்பு எண்ணெய் இந்த வண்டு இனங்களை விரட்டுவதோடு, அவற்றின் இனப்பெருக்கத்தையும் கெடுக்கிறது. ஜம்முவில் இருந்த ஆய்வாளர்கள் வசம்பிலிருந்து பூச்சியை மலடாக்கும் பொருளைப் பிரித்தெடுத்து 1977இல் "நேச்சர்" என்ற விஞ்ஞான இதழில் எழுதினார்கள். அந்தப் பொருள் வேறொன்றுமல்ல, பிள்ளைக்கு ஆகாது என்று மேலே சொன்ன அதே அசரோன்தான்.

செய்முறை எளிது. விதையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்கவும். பல்லில் கடித்தால் நசியாமல் "டக்" என்று உடைய வேண்டும். சூட்டோடு பேணியில் போடக் கூடாது. நிழலில் ஆற விடவும். துளை விழுந்த விதைகளைப் பொறுக்கி எரிக்கவும். சுடாத, நன்கு காய்ந்த வசம்பை மூக்கில் துணி கட்டிக்கொண்டு இடித்துச் சலிக்கவும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு, போதும். நன்றாகப் பிரட்டி, பேணி நிறையப் போட்டு, வாயை இறுக அடைக்கவும். பேணியில் வெற்றிடம் இருந்தால் காற்றும் ஈரமும் தங்கும். ஆகவே கொஞ்ச விதைக்குச் சின்னப் பேணியே நல்லது. வாசம் குறையக் குறையக் காவலும் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, மீண்டும் வெயில் காட்டிப் புதுத் தூள் சேர்க்கவும்.

ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். வசம்பு கலந்த விதை, விதை மட்டுமே. கழுவினாலும் அது சாப்பாடாகாது. கஷ்ட காலத்தில் விதைப் பயற்றையும் அவித்துத் தின்ற நாட்களை எமது குடும்பங்கள் கண்டிருக்கின்றன. அதனால் பேணியின் மேல் சிவப்பு மையால் அடையாளம் இட்டு, வீட்டிலுள்ள எல்லோருக்கும், விசேடமாகச் சமைக்கும் பிள்ளைகளுக்கு, காட்டி வையுங்கள். சாப்பாட்டுப் பயற்றை வேறாக வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்டி, இறுக மூடினால் போதும்.

ஊரில் காணி உள்ளவர்கள் வசம்பைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் இடம், வாய்க்கால் ஓரம், வாழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் எதுவும் ஆகும். முளையுள்ள துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், அடிக்கு ஒன்றாக நட்டு, மண் காயாமல் பார்த்தால் ஏறக்குறைய ஓராண்டில் கிண்டலாம். கிண்டும்போது நுனித் துண்டுகளைத் திரும்ப நடுங்கள். கடையில் வாங்கிய காய்ந்த துண்டு முளைக்காது. பச்சைத் துண்டைத்தான் தேட வேண்டும். கொழும்பின் சாக்கடை ஓரத்தில் வளர்வதைப் பிடுங்க வேண்டாம், அந்த மண்ணில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஊருக்குப் போய்வரும் ஒருவர் ஒரு பை பச்சைத் துண்டு கொண்டுவந்தால், சங்கத்திலுள்ள பத்துக் குடும்பங்களுக்கு அடுத்த போகத்து விதைக்கு அது காணும்.