வெள்ளியால் கேட்ட கேள்வி

அன்புள்ள கயல்,

நார்வே நாட்டு 'சோல்யே' ப்ரூச்சின் படத்தை அனுப்பி, "இத்தனை தொங்கட்டான் எதற்கு சித்தி?" என்று கேட்டிருந்தாய். நகை வடிவமைப்பு படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார். மெல்லிய வெள்ளிக் கம்பியை முறுக்கி வட்டமாகச் செய்த உடல். அதில் வளையங்களில் ஆடும் குழிந்த சிறு தகடுகள், சிலவற்றுக்குப் பொன்முலாம். அணிந்தவள் மூச்சு விட்டாலே அவை அசைந்து மின்னும். நிலத்தடியில் வாழும் மாய மனிதர்கள் குழந்தைகளையும் கல்யாணப் பெண்களையும் கவர்ந்துபோவார்கள் என்று அங்கே கிராமத்தார் நம்பினார்கள். அப்படி மின்னும் வெள்ளிக்கு அவர்களை விரட்டும் சக்தி உண்டாம். அதனால் பிறந்த குழந்தைக்கும் வெள்ளி, மணப்பெண்ணுக்கும் வெள்ளி.

ஸ்காட்லாந்திலும் இந்தக் காவல் நம்பிக்கை இருந்தது. எடின்பரோவில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தை ஒட்டிப் பூட்டுப் போட்ட சிறு கடைகள் இருந்தன. அங்கே விற்ற இதய வடிவ வெள்ளி ப்ரூச்சுக்குக் கடைகளின் பெயரே நிலைத்து, 'லக்கன்பூத்' ஆனது. ஒற்றை இதயமோ பின்னிய இரண்டோ, மேலே சிறு கிரீடம். காதலன் நிச்சயத்துக்குக் கொடுப்பான். பிறகு அதுவே தலைப்பிள்ளையின் சால்வையில் கண்ணேறு படாமல் குத்தப்படும்.

ஆனால் என் மனம் அதிகம் தங்குவது நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்தில். முன்பு அங்கே பெண் கேட்க வருகிற இளைஞன், காசுகளை ஒரு துணியில் வைத்துத் தளர்வாக முடிந்து அவளிடம் நீட்டுவான். அவள் முடிச்சை இறுக்கினால் சம்மதம். இறுக்காமல் விட்டால் பேச்சு முடிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் துணிக்குப் பதில் உள்ளங்கையளவு வெள்ளிப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். மேல்பக்கமெங்கும் காதலர் உருவங்களும் பைபிள் காட்சிகளும் செதுக்கியிருக்கும். வேலைப்பாடு அபாரம்தான். ஆனாலும் எனக்குத் துணி முடிச்சுதான் உயர்ந்தது. பதில் அவள் விரல்களில் இருந்தது.

பின்லாந்திலும் முன்பு இப்படியொரு வழக்கம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. கல்யாண வயது வந்த பெண் இடுப்பில் வெறும் கத்தியுறையை மாட்டிக்கொள்வாள். விரும்புகிறவன் தன் கத்தியை அதில் செருகுவான். வைத்துக்கொண்டால் விருப்பம், திருப்பிக் கொடுத்தால் மறுப்பு. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, யாருக்கும் தலைகுனிவில்லை.

இதனால் அந்தப் பெண்கள் முழுச் சுதந்திரத்தோடு வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடாதே. பண்ணை நிலமும் பெற்றோர் கணக்கும் பல கல்யாணங்களை முன்கூட்டியே முடிவு செய்தன. இருந்தும், பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும், அவள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற முறையை அந்தச் சிறு பொருள்கள் காப்பாற்றின. காதல் பரிசு என்றாலே கொடுப்பவனின் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். வாங்குகிற கையின் கதை அதைவிடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

லீவார்டன் நகரத்து ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தில் அந்த வெள்ளிப் பெட்டிகள் இருக்கின்றன. படங்களைத் தேடி எடுத்து, மூடியிலுள்ள உருவங்களை வரைந்து பழகு. நிச்சயதார்த்த நகை வரையச் சொன்னால், அணியப்போகிறவளிடம் முதலில் பேசிவிட்டுப் பென்சிலை எடு.

அன்புடன்,
சித்தி