ஹூக்காவின் கரியும் கண்ணுக்குப் புலனாகாத நஞ்சும்

ஹூக்காவைப் பற்றி நோயாளரின் குடும்பத்தார் எம்மிடம் பேசும்போது பெரும்பாலும் புகையிலையைப் பற்றியே வினவுகின்றனர். அதில் நிகோட்டின் உண்டா, சிகரெட்டைவிடத் தீங்கு குறைவா, மூலிகைக் கலவை என்றால் பரவாயில்லையா என்பனவே வழக்கமான வினாக்கள். கிண்ணத்தின்மேல் வைக்கப்படும் கரியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. புகையிலை தன் தீங்கைப் பல ஆண்டுகளில் செய்கிறது. கரியோ ஒரே மாலைப்பொழுதில் ஒருவரை அவசரச் சிகிச்சைப் பிரிவில் கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடியது. ஆகவே இவ்விதழின் பாடத்தைக் கரிக்கே ஒதுக்குகின்றோம்.

இத்தகைய நிகழ்வுகள் பெரும்பாலும் ஒரே முறையில் அமைகின்றன. விடுமுறை நாளின் மாலை, குளிர்சாதனம் இயங்குவதால் சன்னல்கள் அனைத்தும் மூடிய அறை, நண்பர் நால்வர், நடுவே ஒரு ஹூக்கா. ஒரு மணி நேரத்துக்குள் ஒருவருக்குத் தலை கனக்கிறது. மற்றொருவருக்குக் குமட்டல். உண்ட உணவின்மேல் ஐயம் எழுகிறது. தலை கனத்தவர் எழுந்து நடக்க முற்பட்டு, வாயிற்படியிலேயே மயங்கி விழுகிறார். வீட்டார் ஓடிவந்து, பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கி வைத்திருந்த பல்ஸ் ஆக்சிமீட்டரை அவர் விரலில் பொருத்துகின்றனர். அது 98 எனக் காட்டுகிறது. மூச்சில் குறையில்லை, வெறும் வயிற்று மயக்கம்தான் என்று முடிவு செய்து, முகத்தில் நீர் தெளித்து, அதே அறையில் அவரைப் படுக்க வைக்கின்றனர். இதில் ஒவ்வொரு செயலும் அன்பினால் செய்யப்பட்டது. இறுதியாகச் செய்தது உயிருக்கே இடராக முடியக் கூடியது.

ஹூக்காவில் எரிவது எது?

சிகரெட்டில் புகையிலை தானே பற்றி எரிகிறது. ஹூக்காவில் அவ்வாறன்று. இன்று பரவலாகப் பயன்படும் கலவை, புகையிலையை வெல்லப்பாகு போன்ற இனிப்பிலும் கிளிசரினிலும் ஊறவைத்துப் பழமணம் சேர்த்த ஈரப்பொருள். அது தானாக எரியாது. எனவே அதனைச் சிலும்பி எனப்படும் கிண்ணத்தில் இட்டு, துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி, அதன்மேல் கனன்ற கரித்துண்டுகளை வைக்கின்றனர். குழலை உறிஞ்சும்போது வெளிக்காற்று முதலில் கரியைத் தழுவிச் சூடாகிறது. பின்னர்த் துளைகளின் வழியே கலவைக்குள் புகுந்து, தண்டின் வழியே இறங்கி, நீரில் குமிழியிட்டு வாயை அடைகிறது. கரியிலிருந்து வெளிப்படும் ஆவி எதுவாயினும் அதே வழியில் நுரையீரலுக்குச் சென்றாக வேண்டும். வேறு போக்கிடம் அதற்கு அங்கே இல்லை.

பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், கரிக்கு மாற்றாக மின்சூட்டைக் கொண்டு ஹூக்காவை இயக்கி இரண்டையும் ஒப்பிட்டனர். ஹூக்காப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கரியிலிருந்தே வருகிறது என்பது அதன் முடிவு. புற்றுநோயை உண்டாக்கும் சில சேர்மங்களிலும் பெரும்பகுதி கரியினுடையதே. புகையிலையே இல்லாத மூலிகைக் கலவையை உறிஞ்சுவோரும் இந்த நஞ்சிலிருந்து தப்புவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

நீர் வடிகட்டுமே என்பர். இது மிகப் பழைய நம்பிக்கை. பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொணர்ந்த அசத் பேக், பேரரசர் அதனைச் சுவைக்க முற்பட்டபோது அவை மருத்துவர் தடுத்ததாகத் தம் குறிப்பில் எழுதியுள்ளார். அப்போதே மருத்துவரின் சொல் எடுபடவில்லை! நீர் புகையைக் குளிர்விக்கிறது. தொண்டையின் எரிச்சலைக் குறைக்கிறது. கார்பன் மோனாக்சைடு நீரில் மிகச் சிறிதளவே கரையும் தன்மையுடையதாதலால், குமிழியோடு குமிழியாக அப்படியே கடந்துவிடுகிறது. எரிச்சல் குறைவதால் உறிஞ்சுபவர் மேலும் ஆழமாகவும் நெடுநேரமும் உறிஞ்சுகிறார் என்பதே நீர் செய்யும் உதவி.

கரியைப் பக்குவப்படுத்தும் முறையும் அதில் உள்ள பிழையும்

ஹூக்காவிற்கு இருவகைக் கரி பயன்படுகிறது. ஒன்று, வட்ட வில்லையாக வரும் விரைவுக் கரி. எளிதில் பற்றும்பொருட்டு வெடியுப்பு போன்ற எரியூக்கிகள் அதில் கலக்கப்படுகின்றன. தீக்குச்சியைக் காட்டியதும் பொறி தெறித்து, சிறிது புகைந்து, ஓரிரு நிமிடங்களில் கனன்றுவிடும். மற்றொன்று, தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பொடித்து, மாவுப் பசை சேர்த்துக் கனசதுரமாக அழுத்திய கரி. இது எளிதில் பற்றாது. மின்கம்பிச் சுருள் அடுப்பின்மேல் வைத்து, பத்து நிமிட அளவு, இருபுறமும் திருப்பித் திருப்பிச் சூடாக்க வேண்டும். முழுதும் சிவந்து, மேலே வெண்சாம்பல் படர்ந்ததும் கரி பதமாயிற்று என்று கொள்கின்றனர்.

அரைகுறையாகப் பற்றிய கரி நெடியடிக்கும், தலைவலி தரும் என்பது பழகியோரின் அறிவுரை. நன்றாகக் கனலவிட்டால் அந்த நெடி மறைவது உண்மை; கரியில் எஞ்சிய எண்ணெய்ப் பொருள்களும் எரியூக்கிகளும் எரிந்து தீர்வதால் அது நிகழ்கிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடு மறைவதில்லை. சிவந்த கரியின் உட்புறத்தில் காற்று போதாமையால் கரி முழுமையாக எரிவதில்லை. அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் கனலும் கரியோடு மீண்டும் வினைபுரிந்து மோனாக்சைடாக மாறுகிறது. பழைய கும்மட்டி அடுப்பில் கரியின்மேல் துள்ளும் நீலச் சுடரைப் பெரியோர் பார்த்திருப்பர். மேலெழும் அந்த மோனாக்சைடு வெளிக்காற்றில் எரிவதே அச்சுடர். ஹூக்காவின் சிறு கரித்துண்டுகளில் சுடர் எழுவதில்லை. வளி எரியாமலேயே குழலுக்குள் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. பக்குவமான கரி என்று பெருமையாகச் சொல்லப்படுவது, எச்சரிக்கை தரும் நெடியை இழந்துவிட்ட கரியே அன்றித் தீங்கற்ற கரி அன்று.

சிரட்டைக் கரி இயற்கையானது என்னும் சொல்லையும் கேட்கின்றோம். தென்னை மிகுந்த நம் பொள்ளாச்சி, காங்கேயம் பகுதியினருக்குச் சிரட்டைக் கரி புதிதன்று. அதனைப் பதப்படுத்தி ஆக்கும் கிளர்வூட்டிய கரி குடிநீரைத் தூய்மையாக்குகிறது. சிலவகை நஞ்சுண்டோருக்கு மருத்துவமனையிலும் கொடுக்கப்படுகிறது. கரி நஞ்சை உறிஞ்சும் பொருள்தானே என்று ஒரு தாயார் கேட்டதும் இதனை எண்ணியே. வயிற்றுக்குள் செல்லும் குளிர்ந்த கரித்தூள் வேறு. கனலும் கரி வேறு. முன்னது உறிஞ்சுகிறது, பின்னது உமிழ்கிறது.

தெருவோரத்தில் கரிப் பெட்டியால் துணி தேய்ப்பவர் நாள் முழுதும் தணலருகே நிற்கின்றாரே என்றும் கேட்கலாம். அவருக்கு வானமே கூரை. மூடிய அறையில் அதே தணல் வேறு பொருளாகிவிடுகிறது. வீடுகளில் நாம் பயன்படுத்தும் குளிர்சாதனம் பெரும்பாலும் அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. அறையில் உறிஞ்சாமல் அமர்ந்திருப்பவரும், அடுத்த சுற்றுக்கான கரியைச் சமையலறையில் சூடாக்கிக்கொண்டிருப்பவரும் அதே வளியைச் சுவாசிக்கின்றனர். பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திச் சாம்பிராணித் தணல் வைக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

உடலுக்குள் நிகழ்வது

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் பணியாள். கார்பன் மோனாக்சைடு அதனோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. சுமையிடத்தில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்வதோடு, எஞ்சிய ஆக்சிஜனும் திசுக்களில் எளிதில் இறங்காதபடி செய்துவிடுகிறது. முதலில் வருந்துவன மூளையும் இதயமும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம், மயக்கம் என்று அறிகுறிகள் அடுத்தடுத்து வரும். இதயக் குழாய் அடைப்புள்ளவருக்கு நெஞ்சுவலி எழலாம். கருவிலுள்ள குழந்தையின் இரத்தம் இந்நஞ்சைத் தாயினும் மிகுதியாகப் பற்றி, தாயினும் தாமதமாக விடுகிறது. தாய் தெளிந்துவிட்டார் என்பதால் கரு தெளிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

பல்ஸ் ஆக்சிமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது? அக்கருவி இருவகை ஒளியை விரலில் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. மோனாக்சைடு ஏறிய இரத்தமும் ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் அதன் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 98 என்னும் எண் அங்கே பொருளற்றது. உதடு நீலமாகவில்லை என்பதும் ஆறுதல் அன்று. உண்மை நிலையை அறிய, இரத்தத்தை எடுத்து மோனாக்சைடின் அளவைத் தனியே காணும் சோதனையைச் செய்ய வேண்டும். அச்சோதனையை மருத்துவர் கேட்க வேண்டுமாயின், கரி என்னும் ஒரு சொல் அவர் காதில் விழ வேண்டும்.

பெரும்பாலும் அச்சொல்தான் விழுவதில்லை. பெற்றோர் அருகில் நிற்கையில் மகன் வாய் திறப்பதில்லை. தமிழ்நாட்டில் ஹூக்கா விடுதிகளைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2022ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் நிறைவேறியதால் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பியவர்க்கோ அங்கே தேநீரைப் போல் பழகிய பொருள் ஆகையால் சொல்லத்தக்க செய்தியாகவே தோன்றுவதில்லை. குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இது: நோயாளரைச் சிறிது நேரம் மருத்துவரோடு தனியே விடுங்கள். தங்களுக்குத் தெரிந்திருப்பின் தாங்களே கூறுங்கள். கரி இருந்ததா, அறை மூடியிருந்ததா, எந்நேரத்தில் வெளிக்காற்றுக்கு வந்தார், உடன் இருந்தவர் எவர் எவர் என்பன போதும். உடன் இருந்தவரையும் அழைத்து வர வேண்டும். அவர்களுள் ஒருவர் இப்போது வீட்டில் தனியே உறங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

அவ்வேளையில் செய்ய வேண்டியவை

முதலில் அனைவரையும் அறையிலிருந்து வெளியேற்றுக. கதவு சன்னல்களைத் திறந்துகொண்டே செல்லலாம். ஆனால் கரியை அணைக்கவோ காரணத்தை ஆராயவோ உள்ளே தங்கலாகாது. மயங்கியவர் மூச்சு விடுவாராயின் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள். மூச்சு இல்லையெனில் மார்பழுத்த முதலுதவியைத் தொடங்குக. சற்றே தெளிந்தாலும் மருத்துவமனைக்கு வந்தேயாக வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்தில் இந்நஞ்சு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முகமூடியின் வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்பவரின் முகத்திலும் நாங்கள் முகமூடியை வைத்திருப்பது இதற்காகவே. அதனைக் கழற்றும்படி செவிலியரை வற்புறுத்தற்க.

தணலைக் கையாளுவதால் நேரும் தீப்புண்களும் எம்மிடம் வருகின்றன. வெண்சாம்பல் மூடிய கரி அணைந்ததுபோல் தோன்றும். விரலால் தொட்டவரும், விரிப்பில் விழுந்ததை வெறுங்காலால் மிதித்த குழந்தைகளும் உண்டு. சுட்ட இடத்தைக் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், பேனா மை ஆகியன வேண்டா. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியோ உருளையோ வைத்துச் சிகிச்சை பெறும் நோயாளர் இருப்பின், அவ்வீட்டுக்குள் எந்தத் தணலும் வரலாகாது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் துணியைப் பெருந்தீயாக்கிவிடும். எஞ்சிய கரியைக் குப்பைத் தொட்டியில் கொட்டற்க. சாம்பலுக்கடியில் அது மணிக்கணக்கில் கனன்றிருக்கும். இடுக்கியால் எடுத்து, வீட்டுக்கு வெளியே, நீர் நிறைந்த உலோகப் பாத்திரத்தில் ஒவ்வொன்றாக மூழ்கவிட்டு, குளிர்ந்தபின் அகற்றுக.

வீடு திரும்பியபின் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை நோயாளரைக் கவனித்திருக்க வேண்டும். நினைவாற்றல் குறைதல், காரணமற்ற சினம், நடையில் தள்ளாட்டம், கணக்கிலும் பேச்சிலும் தடுமாற்றம் ஆகியன தாமதமாகத் தோன்றுவதுண்டு. நோயாளர் தாமே இதனை உணர்வது அரிது. உடன் வாழ்வோரே முதலில் காண்பர். அவ்வாறு கண்டால், முன்பு கொடுத்த வெளியேற்றச் சீட்டோடு நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.