ஹோஜா தஹ்சினி மார்க்கத்தை விட்டவரா?

கேள்வி: அல்பேனிய தேசிய விழிப்பு பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். ஹோஜா ஹசன் தஹ்சினியைத்தான் மையமாக வைத்திருக்கிறேன். "மொழி, தேசம் என்று போனவர் மார்க்கத்தை விட்டவர்தானே?" என்று வாப்பா கேட்கிறார். ஓர் ஆலிமைப் பற்றித் தப்பாக எழுதிவிடுவேனோ என்று தூக்கமே வரவில்லை.
– ம.அ., கீழக்கரை

பதில்: பயப்படாதீர்கள் மகளே. தஹ்சினி மார்க்கத்தை விட்டவர் இல்லை. ஹோஜா (மார்க்கக் கல்வி தரும் ஆசிரியர்) என்றே இன்றும் அவரை அழைக்கிறார்கள். பாரிஸில் உஸ்மானியத் தூதரகத்து இமாமாக இருந்துகொண்டேதான் அவர் அறிவியல் படித்தார்.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? 1870இல் இஸ்தான்புல்லில் தாருல் ஃபுனூன் (பல்கலைக்கழகம்) திறந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். காற்றில்லாமல் உயிரில்லை என்று காட்ட, ஒரு புறாவைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார் என்பார்கள். புறா துவண்டு விழுந்தது. பார்த்தவர்களில் சிலர் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. குஃப்ர் (இறைமறுப்பு) என்றார்கள். அவர் பதவி போனது. சீக்கிரமே பல்கலைக்கழகத்தையும் மூடிவிட்டார்கள். அன்று ஒட்டிய பழி இன்னும் உதிரவில்லை.

மொழி விஷயம் வேறு. உஸ்மானிய அரசு மக்களை மில்லத் (சமயச் சமூகம்) வாரியாகவே கணக்கெடுத்தது. அல்பேனிய முஸ்லிம் பிள்ளை துருக்கிப் பள்ளிக்குப் போனது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பிள்ளை கிரேக்கப் பள்ளிக்குப் போனது. தாய் பேசிய மொழியை இரண்டு பள்ளியிலும் எழுதச் சொல்லித்தரவில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் 1879இல் இஸ்தான்புல்லில் அல்பேனிய நூல் வெளியீட்டுச் சங்கம் எழுந்தது. முஸ்லிமான சாமி ஃப்ராஷெரி, கத்தோலிக்கரான பாஷ்கோ வாசா, ஆர்த்தடாக்ஸான யானி வ்ரேத்தோ ஆகியோரோடு தஹ்சினியும் அதில் இருந்தார். அல்பேனிய மொழிக்கென்று தனி எழுத்துமுறையே ஒன்றை அவர் அமைத்தார். 1881இல் காலமானார்.

வாப்பாவின் கேள்விக்கு நேரான பதில் இன்னொருவரிடம் இருக்கிறது. மனாஸ்திர் நகர முஃப்தி ரெஜெப் வோகா. அல்பேனிய எழுத்துமுறையை முடிவு செய்யக் கூடிய 1908 மனாஸ்திர் மாநாட்டுக்குப் பிறகு லத்தீன் எழுத்து பரவியபோது, அரபி எழுத்துதான் வேண்டும் என்று நின்றவர். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். அல்பேனிய மொழியில் ஏழு உயிரொலிகள். அரபியில் ஜபர், ஜேர், பேஷ் என்று மூன்றே குறிகள். எனவே புதுக் குறிகள் சேர்த்து 44 எழுத்துகளில் ஓர் அரிச்சுவடி செய்தார். லத்தீன் கேட்டவர்களைப் போலவே அவருக்கும் கவலை, பிள்ளைகள் தாய்மொழியில் எழுத வேண்டும் என்பதுதான். தமிழ் ஒலிக்காக அரபி எழுத்தில் புள்ளிகள் சேர்த்த அரபுத்தமிழ் உங்கள் ஊருக்குப் புதிதா? அதில் எழுதிய உங்கள் ஊர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் தஹ்சினியின் காலத்தவர்தான்.

ஆய்வேட்டில் தஹ்சினிக்கு 'மதச்சார்பற்றவர்' என்ற முத்திரையைக் குத்தாதீர்கள். அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். புறாக் கதையை 'சொல்லப்படுவது' என்றே குறியுங்கள். அடுத்து வோகாவுக்கும் ஓர் இயல் கொடுங்கள். 1912 நவம்பர் 28 அன்று விளோராவில் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட முஃப்தி வெஹ்பி திப்ராவையும் விட்டுவிட வேண்டாம். வோகா இயலை முடித்ததும் முதலில் வாப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.