ஸ்கேனுக்கு அனுப்பும் முன்

நெஞ்சக நோய் படித்துவிட்டு இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு, பணி ஓய்வு பெற்ற ஒருவன் எழுதுவது. அங்கே இருமல்கூட இல்லாதவரையும் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். யாரை அழைப்பது என்பதில்தான் சிக்கல்.

1. விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்கப் பரிந்துரை 2021 முதல் இதுதான்: 50 முதல் 80 வயது, 20 ‘பேக்-இயர்’ புகைத்தவர், இன்றும் புகைப்பவர் அல்லது 15 ஆண்டுக்குள் விட்டவர். தினம் ஒரு பாக்கெட் 20 வருடம் என்றாலும் அரைப் பாக்கெட் 40 வருடம் என்றாலும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். நுரையீரலுக்கு அப்படியில்லை. எத்தனை சிகரெட் என்பதைவிட எத்தனை வருடம் என்பதே அதிகம் கெடுக்கிறது.

2. ஆகவே ஆளுக்கு ஆள் ஆபத்தைக் கணியுங்கள். கனடாவின் மார்ட்டின் டாமெமாகி குழு 2013இல் வெளியிட்ட கணிப்பு முறை வயது, படிப்பு, உடல் எடை, சி.ஓ.பி.டி., குடும்பத்தில் புற்றுநோய், புகைத்த வரலாறு எல்லாம் கேட்டு, அடுத்த ஆறு ஆண்டில் நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும். இங்கிலாந்தில் அது 1.51 சதவீதத்தைத் தொட்டால் ஸ்கேன்.

3. இரண்டு எண்களை மறக்காதீர்கள்: 5,276, 161. அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் பங்கேற்ற பெரிய ஆய்வில், ஸ்கேனால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்களை ஆபத்தின்படி ஐந்தாகப் பிரித்தபோது, ஒரு மரணத்தைத் தடுக்க, ஆபத்து மிகக் குறைந்த பிரிவில் 5,276 பேரையும் ஆபத்து மிக அதிகமான பிரிவில் 161 பேரையும் ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. விதிப்படி எல்லோருமே தகுதியானவர்கள்தான்!

4. சதவீதத்தை ஆட்களாக மாற்றிச் சொல்லுங்கள். “உங்களைப் போன்ற நூறு பேரில் இரண்டு பேருக்கு வரலாம், 98 பேருக்கு வராது. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.” வீண் பயத்தையும் மறைக்காதீர்கள். அந்த ஆய்வில் மூன்று வருட ஸ்கேனில், பத்தில் நான்கு பேருக்கு ஒருமுறையாவது சந்தேகம் கிளம்பியது. அப்படிக் கிளம்பிய சந்தேகங்களில் 96 சதவீதம் புற்றுநோயே அல்ல.

5. எண் பெரிது என்பதால் மட்டும் அனுப்பாதீர்கள். வயதும் சி.ஓ.பி.டி.யும் எண்ணை உயர்த்தும். அறுவை சிகிச்சை தாங்கும் தெம்பைக் குறைப்பதும் அவைதான். மாடி ஏறவே மூச்சு வாங்குபவரிடம் கட்டியைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

6. ஆபத்து அதிகம், உடலும் திடம் என்றால் வற்புறுத்துங்கள். எல்லைக்கோட்டில் நிற்பவரிடம் வற்புறுத்தாதீர்கள், முடிவு அவருடையது.

7. ஊர் திரும்பினால் அந்தக் கணிப்பை அப்படியே மதுரையில் போடாதீர்கள். அது விறகடுப்புப் புகையைக் கேட்பதில்லை. பழைய காசநோய் வடுக்கள் நம் ஊர் ஸ்கேனில் வீண் சந்தேகத்தைக் கூட்டும்.

8. ஸ்கேன் வேண்டாம் என்பவரையும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். இன்னும் புகைப்பவர் என்றால், அதை விடுவதற்கான மருந்தை அன்றே எழுதிக் கொடுங்கள்.