நாலுகால் துணை: நாய் வளர்க்கும் மூத்தோருக்கும் வளர்க்க நினைப்போருக்கும்

பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். துணைவர் காலமாகிவிட்டார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் வீட்டில் வேறு சத்தமே இல்லை. இப்படி வாழும் மூத்தோர் நம் புளோக்குகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, கதவைத் திறந்ததும் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் ஒரு நாய் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

நாய் வளர்ப்பதால் உடலுக்கும் மனத்துக்கும் கிடைக்கும் நன்மைகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது. நாயோடு நடக்கும்போது விழாமல் இருப்பது எப்படி, நாய் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை எவை என்பதையும் இதில் படிக்கலாம்.

அன்றும் இன்றும்

கம்பத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புகளிலும் வளர்ந்தவர்களுக்கு நாய் புதிதல்ல. அன்று நாய் வாசலில் படுத்திருக்கும். மிஞ்சிய சோற்றைத் தின்னும். அந்நியர் வந்தால் குரைக்கும். அதை யாரும் நடைக்கு அழைத்துப் போனதில்லை. அதுவே ஊரைச் சுற்றிவிட்டு வந்துவிடும்.

இன்று நாம் அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறோம். நாயும் நம்முடன் வீட்டுக்குள்ளேயே வாழ்கிறது. அதன் உணவு, நடை, மருத்துவம் எல்லாமே நம் கையில்தான் இருக்கின்றன. பொறுப்பு கூடியிருக்கிறது. நாளெல்லாம் நம் பக்கத்திலேயே இருப்பதால் நெருக்கமும் கூடியிருக்கிறது.

நாய் தரும் நன்மைகள்

நடக்க வைக்கிறது. மூத்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காலையில் 15 நிமிடமும் மாலையில் 15 நிமிடமும் விறுவிறுப்பாக நடந்தால், ஐந்தே நாளில் அந்த அளவை எட்டிவிடலாம். இன்று சோம்பலாக இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப்போடுவோம். நாய் அப்படி விடாது. நேரம் வந்ததும் கதவருகே போய் நின்றுகொள்ளும்.

பேச வைக்கிறது. மின்தூக்கியிலும் பூங்கா இணைப்புப்பாதையிலும் தனியாகப் போகிறவரிடம் யாரும் பேசாமல் போகலாம். கையில் நாய் இருந்தால் “பெயர் என்ன? என்ன வயது?” என்று யாராவது கேட்பார்கள். அண்டைவீட்டாருடன் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. தினமும் அதே நேரத்தில் உங்களைப் பார்த்துப் பழகியவர்கள், இரண்டு நாள் காணவில்லை என்றால் விசாரிக்கவும் செய்வார்கள்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு தருகிறது. ஓய்வுபெற்ற பிறகு எல்லா நாளும் ஒன்றுபோல் தோன்றலாம். நாய்க்குச் சாப்பாடு வைக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், வெளியே அழைத்துப் போக வேண்டும். நம்மை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற எண்ணமே பலரைக் காலையில் எழ வைக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கியபோது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் கூடியது தெரியவந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்க்க உதவும் அதே இயக்குநீர்தான் அது.

சுவீடனில் 3.4 மில்லியன் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வு வெளிவந்தது. தனியாக வாழ்பவர்களில், நாய் வளர்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 33 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதைக் கேட்டு உடனே நாய் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நாய் வளர்த்ததால் அவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்களா, அல்லது ஆரோக்கியமாக இருந்தவர்களே நாய் வளர்த்தார்களா என்பதை இத்தகைய ஆய்வுகளால் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்க இதயச் சங்கமும் 2013ஆம் ஆண்டு இதைத்தான் தெளிவுபடுத்தியது. நாய் வளர்ப்பு இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம்; ஆனால் இதய நோயைத் தவிர்ப்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு செல்லப்பிராணி வாங்கக்கூடாது என்று அது கூறியது. நாய் மருந்து அல்ல. அதன்மேல் உண்மையான பிரியம் இருந்தால்தான் அதை வளர்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தவும் கூடாது.

விழாமல் நடக்க

நாய் திடீரென்று இழுத்தாலோ காலில் கயிறு சுற்றிக்கொண்டாலோ கீழே விழ நேரிடும். அமெரிக்காவில் நாயைக் கயிற்றில் கட்டி நடத்திச் சென்றபோது எலும்பு முறிந்த 65 வயதுக்கு மேற்பட்டோரின் எண்ணிக்கை, 2004ஆம் ஆண்டில் சுமார் 1,670ஆக இருந்தது. 2017ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 4,400ஆக உயர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூத்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடப்பது பலருக்குக் கடினமாகிவிடுகிறது. ஆகவே இவற்றைப் பின்பற்றுங்கள்:

• கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் நீங்களும் இழுபடுவீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

• தானாக நீளும் கயிற்றைத் தவிர்த்து, நீளம் மாறாத குட்டையான கயிற்றைப் பயன்படுத்துங்கள்.

• ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். குதிகாலைப் பிடித்து நிற்கும், வழுக்காத காலணி அணியுங்கள்.

• வெயில் ஏறுவதற்கு முன்பும் தாழ்ந்த பிறகும் நடங்கள். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் அந்தச் சூட்டைத் தாங்காது.

• நடக்கும்போது கைத்தொலைபேசியைப் பார்க்காதீர்கள். ஆனால் அதை எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.

• வீட்டுக்குள் இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் நாய் படுத்திருக்கலாம். அங்கே சிறு விளக்கு எரியட்டும்.

• நடை தடுமாறினாலோ தலைசுற்றல் இருந்தாலோ, நாயை வெளியே கூட்டிச் செல்லும் வேலையைக் குடும்பத்தாரிடம் விடுங்கள். மருத்துவரையும் பாருங்கள்.

நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, அந்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறு காயத்தைக்கூட அலட்சியப்படுத்த வேண்டாம்.

நம் சாப்பாடு நாய்க்கு ஆகாது

பாசத்தில் நம் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துக் கொடுக்கத் தோன்றும். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். சாம்பார், குழம்பு, பிரியாணி எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் அதற்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்திவிடலாம். தீபாவளி, பொங்கல் நாள்களில் வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. என் வீட்டில் நாய்க்கு அனுமதி உண்டா? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு நாய் மட்டும் வளர்க்கலாம். அது அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தின்கீழ், நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடுத்தர அளவுள்ள கலப்பின நாயையும் தத்தெடுக்கலாம். நாய்க்கு உரிமமும் நுண்சில்லும் கட்டாயம். உரிமம் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் பெற வேண்டும்.

2. குட்டியா, வளர்ந்த நாயா? குட்டி துறுதுறுவென்று ஓடும், எதையும் கடிக்கும், இரவில் அழும். மூத்தோருக்குப் பெரும்பாலும் நிதானமான, பழக்கப்பட்ட, வளர்ந்த நாயே ஏற்றது. சிறிய இன நாய்கள் 12 முதல் 15 ஆண்டுவரை வாழக்கூடும். அதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

3. செலவைச் சமாளிக்க முடியுமா? உணவு, தடுப்பூசி, உரிமம் ஆகியவற்றோடு திடீர் மருத்துவச் செலவும் வரும். நாய்க்கும் வயதாகும்.

4. வீட்டில் உள்ளவர்களுக்குச் சம்மதமா? ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அண்டைவீட்டாரையும் நினைத்துப் பாருங்கள். மின்தூக்கியில் ஒருவர் நாயைக் கண்டு ஒதுங்கினால், கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள் அல்லது அடுத்த முறை ஏறுங்கள். நாயின் கழிவை உடனே அகற்றுங்கள்.

5. நான் மருத்துவமனையில் படுத்தால் நாயை யார் பார்ப்பார்? இதுதான் மிக முக்கியமான கேள்வி. நாயைத் தனியே விட மனமில்லாமல் மருத்துவமனைக்குப் போவதையே சிலர் தள்ளிப்போடுகிறார்கள். நெஞ்சுவலியும் பக்கவாதமும் காத்திருக்காது. ஒருவரிடம் இப்போதே பேசி ஒப்புதல் வாங்குங்கள். அவரிடம் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். அவர் பெயர், தொலைபேசி எண், நாயின் உணவு, மருந்து, கால்நடை மருத்துவர் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டுங்கள். அவசரம் என்றால் தயங்காமல் 995ஐ அழையுங்கள்.

பிரிவு வரும்போது

பத்து ஆண்டுகள் கூடவே இருந்த நாய் இறந்துபோனால் துக்கம் வருவது இயல்பு. “நாய்தானே, இதற்குப் போய் அழலாமா?” என்று யாராவது கேட்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அதனுடன் போனது உங்கள் காலை நடையும் பேச்சுத்துணையும்தான். அந்தத் துக்கத்தை மனத்தில் பூட்டிவைக்காமல் குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ பேசுங்கள். நாயோடு நடந்த அதே நேரத்தில் தொடர்ந்து நடங்கள். வழியில் பழகியவர்கள் இன்னும் அங்கே இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமோ பசியோ இல்லாமல் இருந்தால், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அம்மாவோ அப்பாவோ துக்கத்தில் இருக்கும்போது, அவர்களைக் கேட்காமல் புதுக்குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். அவர்களே கேட்கட்டும்.

நாய் வளர்க்க முடியாதவர்களுக்கு

உடல்நிலை, செலவு, வீட்டுச் சூழல் ஆகிய காரணங்களால் எல்லாராலும் நாய் வளர்க்க முடியாது. அதனால் குறை ஒன்றும் இல்லை. அண்டைவீட்டார் நாயோடு நடக்கும்போது நீங்களும் சேர்ந்து நடக்கலாம். பழக்கப்படுத்திய நாய்களுடன் முதியோர் இல்லங்களுக்கு வரும் தொண்டூழியர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஏதேனும் நடக்கிறதா என்று அருகிலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் விசாரியுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• பிரியம் இருந்தால் வளர்க்கலாம். மருந்துக்குப் பதிலாக வளர்க்கக்கூடாது.
• குட்டையான கயிறு, வழுக்காத காலணி, வெயில் இல்லாத நேரம்.
• வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கொடுக்க வேண்டாம்.
• நீங்கள் இல்லாதபோது நாயைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள்.