ஜெர்மனியில் ஒரு தேரோட்டம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஜெர்மனி என்றதும் இயந்திரங்களும் அறிவியல் மேதைகளுமே நம் நினைவுக்கு வரும். அந்நாட்டிலும் வேடமிட்டு வீதியில் ஆடும் விழா உண்டு என்பதைப் பலர் அறியார்.

ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரில் 'கார்னிவல்' காலம் நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணி 11 நிமிடத்திற்குத் தொடங்குகிறது. 1823இல் இவ்விழா குழு அமைத்து முறைப்படுத்தப்பட்டது. ஈஸ்டருக்கு 48 நாட்களுக்கு முன்வரும் திங்கட்கிழமையே அதன் உச்சம். அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும். மேலிருந்து மிட்டாய்களை அள்ளி வீசுவர். ஆட்சியாளரைக் கேலி செய்யும் பொம்மைகளும் உண்டு. அதற்கு முந்தைய வியாழனன்று பெண்கள் ஆண்களின் கழுத்து டையைக் கத்தரித்து விடுவர்! சாம்பல் புதனன்று ஆட்டம் ஓய்ந்து நோன்பு தொடங்கும்.

கொலோன் இருக்கும் அதே மாநிலத்தில் ஹாம் என்றோர் ஊர் உண்டு. இலங்கைப் போரால் அகதிகளாகச் சென்ற ஈழத் தமிழர் அங்கே காமாட்சி அம்பாளுக்குக் கோயில் அமைத்தனர். கோபுரத்தோடு எழுந்த புதிய கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. அது நிற்பது தொழிற்பேட்டைப் பகுதியில். நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையை எண்ணிப் பாருங்கள். கோடையில் நடக்கும் தேரோட்டத்திற்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். மாசி மகத்திற்கு நமக்கு மணிமுத்தாறு. தீர்த்தவாரிக்கு அவர்களுக்குக் கப்பல் செல்லும் கால்வாய்.

அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, பள்ளித் தோழரோடு வேடமிட்டு மிட்டாய் பொறுக்கலாம். பெற்றோரோடு தேர்வடமும் பிடிக்கலாம். அப்பிள்ளை ஜெர்மானியனா, தமிழனா?

இக்கேள்வி எனக்கு அயலன்று. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் நான் 'நீரேறிய அலுமினியம் சிலிகேட்' என்று எழுதுவதை, சூளையில் வேலை செய்யும் என் தந்தை 'வெள்ளைக் களிமண்' என்பார். பொருள் ஒன்றே. பச்சைப் பாத்திரம் எவ்வளவு காய்ந்தபின் சூளையில் ஏற்றலாம் என்பதை அவர் கை அறியும். ஈரம் நீராவியாகி விரிவதால்தான் அது வெடிக்கிறது என்பதை என் பாடநூல் சொல்லும். அவர் அறிவைத் தாழ்வென்று நான் ஒதுக்கினால், என் படிப்பு பாதியாகவே நிற்கும்.

ஹாம் நகரத் தமிழர் புதிய நாட்டில் வேலையும் மொழியும் கற்றனர், தேரையும் விடவில்லை. நண்பர்களே, நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வகுப்பில் கற்றதை வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். வீட்டில் அறிந்ததைப் பற்றி வகுப்பில் கேட்கத் துணிவோம்.